பெயர் வைக்க ஆளில்லாத அறை

ஐந்தே முக்காலுக்கு எழுந்தான். பல் தேய்த்தான். பாலைக் காய்ச்சி, பொங்குவதற்கு முன் அடுப்பை அணைத்தான். ஒரு டம்ளர் காபி கலந்துகொண்டான். இரண்டு ரொட்டித் துண்டுகளை வாட்டி நின்றபடியே தின்றான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். நீல நிறத் தண்ணீர் பாட்டிலை நிரப்பி மேசை ஓரத்தில் வைத்தான்.

அந்தப் பாட்டில் அவன் மனைவியுடையது. அவள் பெண்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை. நான்கு வருடம் தினமும் காலையில் அதை நிரப்பி அவள் பையில் வைத்தது அவன்தான். மாலையில் அது அப்படியே நிறைந்து வீடு திரும்பும். அவள் செத்து ஏழு மாதம் ஆகிறது. இப்போது பாட்டிலை அவன் எடுத்துப்போகிறான். பதினோரு மணிக்குள் காலி செய்துவிடுவான்.

நாளிதழைப் பிரித்தான். உள்ளேயிருந்து, ஒரு மாதமாக ஊரில் சுற்றும், அவன் இதுவரை கையில் எடுத்துப் பார்க்காத துண்டுப் பிரசுரம் நழுவிக் காலடியில் விழுந்தது. குனிந்து எடுத்தான். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவனும் அவளும் நின்ற கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். வெட்டியவன் சுத்தமாக வெட்டவில்லை. படத்தின் ஓரத்தில் அவனுடைய இடது தோள் ஒட்டிக்கொண்டிருந்தது. கீழே சிவப்பில், கொட்டை எழுத்தில்: ‘என் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் கட்டிக்கொடுங்கள்! உயிர் பிரியும் நேரத்தில் ஆசிரியை உதிர்த்த கடைசி வார்த்தைகள். வாரி வழங்குவீர். கட்டடக் குழு.’

அவளுடைய கடைசி வார்த்தைகளைக் கேட்டவன் உலகத்தில் ஒரே ஒருவன். அவை இவை இல்லை. என்ன சொன்னாள் என்று அவனிடம் யாரும் கேட்கவில்லை, அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

பிரசுரத்தைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடப் போனான். கூடையில் நேற்றைய காய்கறித் தோல் கிடந்தது. அதன்மேல் அந்த முகத்தைப் போட முடியவில்லை. வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை. நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கதவைப் பூட்டினான்.

மாநகராட்சியின் கட்டடப் பிரிவில் அவன் உதவிப் பொறியாளர். அவள் வேலை பார்த்த அதே பள்ளிக்கான புதுக் கட்டடத்தின் வரைபடம் அவன் மேசையில்தான் ஆறு மாதமாகக் கிடந்தது. பழைய கட்டடம் இனித் தாங்காது என்று எழுதிக்கொடுத்தாயிற்று. புதியது மூன்று மாடி. செலவில் அரசு இரண்டு பங்கு போடும், ஊர்மக்கள் ஒரு பங்கு போட வேண்டும். ஊர்ப் பங்கைத் திரட்ட ஒரு கட்டடக் குழு, குழுவுக்குத் தலைவர் அந்த வார்டின் கவுன்சிலர்.

கவுன்சிலருக்கு ஊர் வைத்த பெயர் கல்வெட்டு. பேருந்து நிறுத்தத்தில் அவர் பெயரில் ஒரு கல், குழாயடியில் ஒரு கல், குழாயில் தண்ணீர் வராததால் பக்கத்தில் தோண்டிய கிணற்றில் இன்னொரு கல். மூத்திரச் சந்துக்கு விளக்கு போட்டதற்கும் கல் வைத்திருந்தார். அந்தக் கல்லின் மேல்தான் எல்லோரும் நின்று பெய்தார்கள்.

பள்ளிக்கு அவர் கொண்டுவந்த விதி இது. ஒவ்வொரு அறையையும் ஒரு கொடையாளர் எடுத்துக்கொள்ள வேண்டும். வாசல்மேல் கருங்கல் பதித்து, அவர் விரும்பும் பெயரைப் பொறிக்க வேண்டும். அரசுத் தணிக்கை அதிகாரி வந்து கற்களைப் படம் பிடித்துப் போவார். கல் இருக்கும் அறைக்குத்தான் ஊர்ப் பங்கு வந்ததாகக் கணக்கு. ஊர்ப் பங்கு வந்தால்தான் அரசுப் பங்கு வரும். ஆகவே, கல் இல்லையென்றால் அறை இல்லை.

வகுப்பறைகள் பத்தே நாளில் போயின. ஆய்வகம் போனது. விளையாட்டுச் சாமான் போட்டுவைக்கும் பொந்துகூடப் போனது. நுழைவு வளைவுக்கு அடிதடி. முதல் வரைபடத்தில் பன்னிரண்டு அடி உயரம் இருந்த வளைவு இப்போது இருபத்திரண்டு அடி. இடது தூண் ஒருவருக்கு, வலது தூண் ஒருவருக்கு, மேலே குறுக்கே போகும் பட்டை மூன்றாமவருக்கு. வளைவு வளர வளர, அவன் வரைந்த இன்னொன்று தேய்ந்துகொண்டே வந்தது.

கழிப்பறை. முதல் வரைபடத்தில் ஒவ்வொரு மாடியின் கோடியிலும் ஆறு கழிப்பறைகள் போட்டிருந்தான், கை கழுவும் தொட்டியோடு. ஆசிரியைகளுக்குத் தனியாக இரண்டு. அவற்றுக்கு ஆள் கிடைக்கவில்லை. முதல் கூட்டத்துக்குப் பிறகு மாடிகளிலிருந்து அவை கீழே இறங்கின. இரண்டாவது கூட்டத்துக்குப் பிறகு கட்டடத்தைவிட்டே வெளியேறிப் பின்சுவர் ஓரம் போய் நின்றன. போன வாரம் செயற்பொறியாளர் அவன் தோளில் கை வைத்தார். பிரிவில் எல்லோருக்கும் அவர் பெரிய சார்.

“தம்பி, அதைப் புள்ளிக்கோடாப் போட்டுரு. இல்லைன்னு சொல்லல. அப்புறம்னு சொல்றோம்.”

வரைபடத்தில் புள்ளிக்கோடு என்றால் பிற்காலத்தில் கட்டப்போவது. அவன் வேலைக்குச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. பிரிவின் இரும்பு அலமாரிகளில் புள்ளிக்கோட்டுப் பூங்காக்கள் உண்டு, புள்ளிக்கோட்டு மருத்துவமனை ஒன்று உண்டு. எந்தப் புள்ளிக்கோடும் முழுக்கோடாகி அவன் பார்த்ததில்லை. இருந்தாலும் போட்டான்.

இன்றைக்குக் கடைசிக் கூட்டம். ஐந்து மணிக்கு வரைபடம் ஒப்புதலுக்குப் போகிறது. அதன்பிறகு ஒரு செங்கல்லைக்கூட நகர்த்த முடியாது.

பத்தரைக்கே பள்ளிக்குப் போனான். பின்பக்க இடத்தை அளக்க வேண்டும் என்று பெரிய சாரிடம் சொல்லியிருந்தான். அளக்க ஒன்றுமில்லை, ஏற்கனவே மூன்று முறை அளந்தாயிற்று.

நானூற்றுப் பத்துப் பெண்களுக்கும் பதினான்கு ஆசிரியைகளுக்கும் இரண்டே கழிப்பறைகள். இருபது அடி தொலைவிலேயே நெடி கண்ணைக் கரித்தது. தரையில் ஈரம் காய்ந்ததே இல்லை. உள்ளே போகச் செங்கற்களைத் தாண்டித் தாண்டி வைத்திருந்தார்கள். இரண்டு கதவுகளிலும் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நாலு துளைகள். ஒரு கதவில் முதுகைச் சாய்த்து, குதிகாலால் அதை அழுத்திப் பிடித்தபடி ஓர் ஆசிரியை நின்றிருந்தார். இடது கையில் ஒரு கட்டு நோட்டு. வலது கையில் சிவப்புப் பேனா. திருத்திக்கொண்டிருந்தார். உள்ளே இன்னோர் ஆசிரியை. இருவர் இருவராகத்தான் இங்கே வர முடியும். துணைக்கு ஆள் கிடைக்காத நாளில் வர முடியாது.

அவனைப் பார்த்ததும் நோட்டால் முகத்தை மறைத்துக்கொண்டார். அவனும் திரும்பிக்கொண்டான்.

அவன் மனைவி கண்டுபிடித்த வழி எளிமையானது. காலை ஆறு மணிக்கு ஒரு வாய்த் தண்ணீர், பிறகு நாலரைக்கு வீட்டுக்கு வந்துதான். “ஒரு வகுப்பு விட்டு ஒரு வகுப்பு கதவு பிடிக்க ஆள் தேடணும். அதுக்குக் குடிக்காமலே இருந்துரலாம்” என்பாள். முதல் வருடம் சிறுநீர் போகையில் எரிச்சல். மாத்திரை. இரண்டாம் வருடம் மூன்று முறை. மாத்திரை. நான்காம் வருடம் குளிர்காய்ச்சல் வந்தது, பள்ளியில் எல்லோருக்கும் காய்ச்சல் என்று இரண்டு நாள் சும்மா இருந்தார்கள். சிறுநீரகத்தில் தொற்று என்று மருத்துவமனையில் சொன்னார்கள். ரத்தத்தில் கலந்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். அதற்கும் மறுநாள் எதுவும் சொல்லவில்லை, ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அவளுக்கு வயது இருபத்தெட்டு.

பதினோரு மணிக்குத் தலைமையாசிரியை அறையில் கூட்டம் கூடியது. நாற்காலிகள் போதாமல் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பெஞ்சு எடுத்துவந்திருந்தார்கள். நடுவில் தேநீர், ஒரு தட்டு பிஸ்கட். கவுன்சிலர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஜவுளிக்கடைக்காரர், ஆய்வகத்தை எடுத்தவர். மறுபக்கம் லாரி முதலாளி, வளைவின் இடது தூண். பல் டாக்டர் விளையாட்டுச் சாமான் பொந்து. பெரிய சார் மூலையில், எதிலும் பட்டுக்கொள்ளாத முகத்தோடு. அவன் வரைபடச் சுருளை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சின் நுனியில்.

“அடுத்தது இருபத்தி மூணாவது அயிட்டம்,” என்றார் தலைமையாசிரியை. “கழிப்பறை.”

எல்லோருக்கும் ஒரே நேரத்தில் பிஸ்கட் நினைவு வந்தது.

“அதான் புள்ளிக்கோடாயிடுச்சே டீச்சர்,” என்றார் கவுன்சிலர்.

“ஆயிடுச்சு. கடைசியா ஒரு தடவை கேட்டுப் பாக்கலாம்னுதான். யாராவது மனசு வெச்சா…”

ஜவுளிக்கடைக்காரர் லாரி முதலாளியைச் சீண்டினார். “அண்ணே, உங்களுக்கென்ன, போன மாசம் ரெண்டு லாரி புதுசா எறக்கினீங்க. இதையும் அப்படியே தூக்கிப் போட்டுக்கங்க.”

“போட்டுக்கலாம்ய்யா. யார் பேர வெக்கறது? எங்கப்பா பேர வெச்சா, பொண்ணுங்க கைய உசத்திட்டு ‘டீச்சர், பெரியவர்கிட்ட போயிட்டு வரட்டுமா’ன்னு கேக்கும்.”

பல் டாக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். தேநீர் தளும்பியது. “இடைவேளை மணி அடிச்சா பெரியவருக்கு மூச்சு விட நேரமிருக்காது!”

“உங்க மாமியார் பேர வெங்க,” என்றார் ஜவுளிக்கடைக்காரர் லாரி முதலாளியிடம்.

“வெச்சுட்டு? ராத்திரிக்கு உங்க கடையில பாய் விரிச்சுத் தருவீங்களா?”

சிரிப்பு ஓயவில்லை. கவுன்சிலர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். பெரிய சார்கூட உதட்டைக் கடித்தார். அவன் அவர்களுடைய வாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஈறில் ஒட்டிய பிஸ்கட் மாவு, நாக்கு, ஒருவருக்குத் தங்கப் பல். சட்டைப்பையில் பிரசுரம் கனத்தது.

சத்தம் போடும் வகுப்பு தானாக அடங்கட்டும் என்று நிற்பதைப்போலத் தலைமையாசிரியை நின்றார். “முடிஞ்சுதா? நானூத்திப் பத்து பொண்ணுங்க. வயசுக்கு வந்ததும் மாசத்துல நாலு நாள் லீவு போடுதுங்க. ஏன்னு நான் சொல்லணுமா?”

ஜவுளிக்கடைக்காரர் கைப்பேசியைப் புரட்டினார்.

பல் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “பேரே வேணாம்னு யாராவது குடுத்தா? நான் கொஞ்சம் குடுக்கறேன், நீங்க கொஞ்சம்…”

“கல்லு இல்லாத அறை கணக்குல வராது டாக்டர். ரூலு,” என்றார் கவுன்சிலர்.

“யாரு போட்ட ரூலு?”

“நான்தான்.” சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் முன்னால் வந்தது. “சரி, அத விடுங்க. நம்ம தம்பிக்கு ஒரு நல்ல சேதி வெச்சிருக்கேன்.”

எல்லோரும் அவன் பக்கம் திரும்பினார்கள்.

“மேல் மாடி நூலகத்த நானே எடுத்திருக்கேன். அதுக்கு எம் பேரு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன். எம் பேரு வேணாம்னு நான் சொல்றது இதான் முதல் தடவை, நீங்க எல்லாரும் சாட்சி. நம்ம டீச்சரம்மா பேரு. தம்பி ஒரு பைசா தர வேண்டாம். கல்லுல அவங்க சொன்ன கடைசி வார்த்தை. ‘என் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல…’”

குரல் தழுதழுத்தது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு அதே கைக்குட்டையால் மேசையில் கிடந்த பிஸ்கட் தூளைத் தட்டிவிட்டார்.

“அவ அப்படிச் சொன்னான்னு உங்களுக்கு யாரு சொன்னது?” என்று கேட்டான்.

கவுன்சிலருக்கு நிஜமாகவே கேள்வி புரியவில்லை. “யாராவது சொல்லணுமா தம்பி? டீச்சர்னா வேற என்ன சொல்லியிருக்கப் போறாங்க? இந்த ஒரு வரியாலதான் பாதிப் பணம் வந்திருக்கு. படிச்சுட்டு எங்க வீட்டுல மூணு நாள் சரியாச் சாப்பிடல.”

கோபம் வரும் என்று நினைத்தான். வரவில்லை. சுருளைப் பிரித்து மேசையில் விரித்தான். பிஸ்கட் தட்டை நகர்த்தி ஒரு முனைக்குப் பாரம் வைத்தான்.

“நூலகம் வேண்டாம். இருபத்தி மூணு என்னுது.”

“எது?”

“கழிப்பறை. மூணு மாடியிலும். முதல் பிளான்ல இருந்த மாதிரி.”

“யாரு பேர்ல?”

“அவ பேர்ல.”

ஜவுளிக்கடைக்காரரின் கைப்பேசி கையிலேயே நின்றது. லாரி முதலாளி, சற்றுமுன் சொன்ன நகைச்சுவையைத் திரும்ப விழுங்க முடியாதவராய், தரையைப் பார்த்தார்.

“தம்பி துக்கத்துல பேசறாரு,” என்று கவுன்சிலர் மற்றவர்களுக்கு விளக்கினார். அவன் அங்கே இல்லாததுபோல. பிறகு அவனிடம், “அந்தம்மா தெய்வம்ய்யா. தெய்வத்தக் கொண்டுபோயி… சீச்சீ. நாலு பேரு என்ன சொல்லுவாங்க? பொண்டாட்டிமேல ஏதோ கோவம்னு நெனைக்க மாட்டாங்க?”

“நெனைக்கட்டும்.”

“பணம்?” என்று மூலையிலிருந்து பெரிய சார் கேட்டார்.

“அவ வேலை பார்த்ததுக்கு வந்த தொகை அப்படியே இருக்கு. தொடல. போதும். அவ அப்பாவும் கையெழுத்துப் போடணும், ரெண்டு பேர் பேர்ல வந்தது.”

“அஞ்சு மணிக்குள்ள?”

“அஞ்சு மணிக்குள்ள.”

தலைமையாசிரியை ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். “எத்தனையோ நாள் அவளுக்கு நான் கதவு பிடிச்சிருக்கேன்,” என்றார், யாரிடமும் இல்லாமல்.

மாமனார் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போய்ப் பல வருடம், ஒரே மகள். இரண்டு அறை வீடு. மணி ஒன்றேகால். சாப்பிட்ட தட்டைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்க மாப்ள. ஒரு போன் பண்ணியிருந்தா சேர்த்து வடிச்சிருப்பேனே.”

“சாப்பிட்டேன் மாமா.” சாப்பிடவில்லை.

தொலைக்காட்சிக்கு மேலே பிரசுரம் தொங்கியது. பிளாஸ்டிக் உறை போட்டு, நாலு மூலையிலும் ஆணி அடித்து. தெருவில் போகிற வருகிறவர்களைக் கூப்பிட்டு அவர் அதை வாசித்துக்காட்டுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தான். ஏழு மாதத்தில் அவர் நிமிர்ந்து நடந்ததே இது வந்த பிறகுதான்.

விஷயத்தைச் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. நூலகத்தையும் சொன்னான், கழிப்பறையையும் சொன்னான். காகிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினான்.

மாமனார் கை துடைத்துக்கொண்டிருந்த துண்டைத் தோளில் போட்டார். “என்ன மாப்ள சொல்றீங்க? எம் பொண்ணு பேரு கக்கூஸ் வாசல்லயா?”

“ஆமா மாமா.”

“சும்மா தர்ற நூலகத்த வேணாம்னுட்டு, காசு குடுத்துக் கக்கூஸ் வாங்கறீங்க. படிச்சவர் செய்யற வேலையா இது? அவ பேரச் சொல்லி மூக்கப் பிடிச்சிட்டுப் போகும் புள்ளைங்க. நான் அந்தத் தெருவுல தலை காட்ட வேணாமா?”

“நல்லாக் கட்டினா மூக்கைப் பிடிக்க மாட்டாங்க.”

“வக்கணையாப் பேசாதீங்க.” குரல் உயர்ந்தது. சுவரைக் காட்டினார். “சாகும்போதுகூட அவ கேட்டது பள்ளிக்கூடம். அதுக்குச் செய்யுங்க. அவ கேட்டதச் செய்யுங்க!”

அவன் சுவரைப் பார்த்தான். தன் இடது தோள் அங்கேயும் இருந்தது. இதை இவரிடமிருந்து பிடுங்காமல் கையெழுத்து வாங்க வழி உண்டா என்று பேருந்தில் வரும்போதெல்லாம் யோசித்திருந்தான். இல்லை.

“அவ அப்படிச் சொல்லல மாமா.”

“என்ன?”

“அது அவங்களா எழுதினது. நான் பக்கத்துல இருந்தேன். அவ அப்படிச் சொல்லல.”

மாமனார் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை. “வேற என்ன சொன்னா?”

சொன்னான். முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னான். சின்ன வாக்கியம். சொல்லி முடிக்க மூச்சுகூடத் தேவைப்படவில்லை.

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான். அப்புறம் தூங்கிட்டா. எழுந்திருக்கல.”

“என்னைப் பத்தி ஏதும் கேக்கலையா?”

“இல்ல மாமா.”

மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார், போட்டுக்கொண்டார், மறுபடியும் கழற்றினார்.

“முப்பத்தோரு வருஷம் வண்டி ஓட்டினேன்,” என்றார். “ஏழு மணிக்கு எடுத்தா பன்னெண்டரைக்குத்தான் எறங்க முடியும். நடுவுல எங்க நிறுத்தறது? பின்னாடி அறுபது பேரு. அதனால கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு வாய் நனைச்சுப்பேன், அவ்வளவுதான். இவ சின்னப் புள்ளையா அடுப்படியில ஒக்காந்து பாத்துட்டே இருப்பா. ‘ஏம்ப்பா தண்ணி குடிக்கல’ன்னு கேட்டா ஒரு நாள். ‘வேலைக்குப் போறவங்க குடிக்கக் கூடாது கண்ணு’ன்னேன். பெருமையாச் சொன்னேன் மாப்ள. பெரிய சாமர்த்தியம் மாதிரி.”

அவனுக்கு இது தெரியாது. அவள் சொன்னதில்லை.

“குடுங்க,” என்றார். காகிதத்தைத் தொலைக்காட்சியின் மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அழுத்திப் போட்டதில் பேனா காகிதத்தைக் குத்தியது.

பிறகு நாலு ஆணிகளையும் நகத்தாலேயே நெம்பிப் பிரசுரத்தைக் கழற்றினார். கிழிக்கப் பார்த்தார். பிளாஸ்டிக் கிழியவில்லை. சமையல் மேடையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துவந்து, படத்துக்குக் கீழே நேராக வெட்டினார். சிவப்பு எழுத்துகள் தனியே தரையில் விழுந்தன. அவற்றைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். படத்தை மட்டும் பழைய இடத்தில் வைத்து மறுபடி ஆணி அடித்தார்.

“அந்தக் கவுன்சிலர் இங்க வந்தான் மாப்ள. ஒக்காந்து காபி குடிச்சுட்டுப் போனான். நான் அவன் கையப் பிடிச்சு அழுதேன்.” உள்ளங்கையை வேட்டியில் தேய்த்தார். போதாமல், உள்ளே போய் சோப்புப் போட்டுக் கழுவினார்.

அவன் அலுவலகம் திரும்பியபோது மணி மூன்றரை. கணினியைத் திறந்தான். பின்சுவர் ஓரம் கிடந்த புள்ளிக்கோட்டுப் பெட்டியைத் தேர்ந்தெடுத்து அழித்தான். முதல் வரைபடத்திலிருந்து மூன்று மாடிக் கழிப்பறைகளையும் எடுத்துவந்து பழைய இடங்களில் பொருத்தினான். போன வாரம் செய்த மாற்றத்தால், பொருத்தும்போது அவையும் புள்ளிக்கோடாகவே வந்தன. மாற்றினான். ஒரு புள்ளிக்கோட்டை முழுக்கோடாக்க இரண்டு சொடுக்குகள் போதும். அவ்வளவு எளிதா என்று கையை மவுஸிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தான். பிறகு ஒவ்வொரு கதவாகப் பெரிதாக்கிப் பார்த்தான். கதவுகள், சாளரங்களின் பொருள் பட்டியலில் ‘கழிப்பறைக் கதவு: உட்புறத் தாழ்ப்பாள், துருப்பிடிக்காத எஃகு, கதவுக்கு ஒன்று’ என்றிருந்தது. ‘ஒன்று’ என்பதை அடித்து ‘இரண்டு’ என்று மாற்றினான்.

நாலரைக்குக் கவுன்சிலர் வந்தார். கையில் கொடையாளர் படிவம். அவர் முகம் இரண்டு மனதாக இருந்தது. இருபத்து மூன்றாவதும் நிரம்பினால் பட்டியல் மொத்தமும் நிரம்பியது, அரசுப் பங்கு முழுதாக வரும், மேடையில் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அந்த மேடைக்குப் போகும் வழியில் ஒரு கழிப்பறை வாசல் இருக்கும், அதில் அவர் தெய்வமாக்கிய பெண்ணின் பெயர் இருக்கும்.

“சரி தம்பி. பிடிவாதமா இருக்கீங்க. நான் குறுக்க நிக்கல. பேரு எழுதுங்க, வருஷம் எழுதுங்க. வாசகம் நானே டைப் அடிச்சுக் கொண்டாந்துட்டேன்.” படிவத்தின் கடைசிக் கட்டத்தில் அதே சிவப்பு வரி இருந்தது. இப்போது கறுப்பில். “எடம் அப்படின்னாலும் இந்த வரி இருந்தா ஒரு கௌரவம். நாளைக்கு அந்தப் பக்கம் விருந்தாளிங்க வந்தாக்கூட…” முடிக்கவில்லை. நினைப்பிலேயே மூக்கைச் சுளித்தார்.

அவன் பேனாவை எடுத்தான். அவள் பெயரை எழுதினான். கணக்கு ஆசிரியை என்று எழுதினான். பிறந்த வருடம், இறந்த வருடம். பிறகு கடைசிக் கட்டத்தில் தட்டச்சு செய்திருந்ததை ஒரே கோட்டில் அடித்தான்.

“அட, அத ஏன் அடிக்கறீங்க? சார், நீங்க சொல்லுங்க சார்.”

பெரிய சார் தன் மேசையைவிட்டு எழுந்து வந்தார். ஆறு வருடத்தில் அவர் யாருக்காகவும் எழுந்து வந்து அவன் பார்த்ததில்லை. படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பி, விதிகளில் ஒன்பதாவதை விரலால் தொட்டார்.

“‘வாசகம் கொடையாளர் விருப்பம். குழு திருத்தாது.’ நீங்கதான் சேர்க்கச் சொன்னீங்க. கிணத்துக் கல்லுல உங்க பதினாலு வரிய யாரோ ஒம்பது வரியாக் கொறைச்சுட்டாங்கன்னு.”

கவுன்சிலர் படிவத்தை மறுபடி முன்பக்கம் திருப்பி வைத்தார்.

சட்டைப்பையில் இருந்த பிரசுரத்தை எடுத்து, மடிப்பைப் பிரித்து, மேசையில் வைத்துக்கொண்டான். எழுதுமுன் முகத்தைப் பார்த்துக்கொள்ள.

அவள் கடைசியாகப் பேசியது மருத்துவமனையில் சேர்த்த அன்று சாயங்காலம். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. கைத்தாங்கலாகக் கூட்டிப்போகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டிவிட்டு, டிரிப்ஸ் தொங்கிய கம்பியைத் தள்ளிக்கொண்டு அவளே கழிப்பறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. பயந்துபோய்க் கதவைத் தட்டப் போனான். அதற்குள் வந்துவிட்டாள். கட்டிலில் உட்கார்ந்து, நீலப் பாட்டிலை வாங்கி, நான்கு வருடத்தில் அவன் பார்த்திராதபடி, ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். ஏதோ பெரிய ஓட்டலுக்கு அவன் கூட்டிவந்துவிட்டதுபோல அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அவள் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல், ஒரு சொல்லும் குறைக்காமல் எழுதினான்.

“கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இருக்கு, தெரியுமா?”